என் பொட்டைத் தின்ற சிவப்புக் கண்ணாடி

பதுளை டவுனில் நானாவின் ஜவுளிக்கடைக்குச் சேலை வாங்கப் போனால் கடைக்குள் வைத்து வாங்க முடியாது. ரோட்டுக்கு வரவேண்டும். மடித்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, ரோட்டோரச் சாக்கடைக் கானைத் தாண்டி, பஸ்காரன் ஹார்ன் அடிக்க அடிக்க நடு வெயிலில் நின்று விரித்துக் காட்டுவார்.

"டியூப் லைட்டுல பாத்துச் சேலை வாங்குறது, விளக்க அணைச்சிட்டுப் பொண்ணு பாக்குற மாதிரி. வெளிச்சத்துக்கு வாங்க தங்கச்சி."

நாங்கள் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். பதுளை முஸ்லிம் ஆட்களில் வயசுக்கு மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவது. வெள்ளைத் தொப்பி, முழுக்கைச் சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் எதையாவது எழுதி நான் பார்த்ததில்லை.

அந்தச் சிவப்புச் சேலையை அவரிடம்தான் வாங்கினேன். முதலில் நான் எடுத்தது வேறு. அதை ரோட்டில் விரித்துப் பார்த்தவர் திருப்பி மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இது தக்காளி தங்கச்சி. நீங்க கேட்டது குங்குமம்."

"எனக்கு இதுவே போதும் நானா. காசு குடுக்கிறது நானு."

"கட்டிக்கிட்டுப் போய் நாலு பேர் 'இத எங்க வாங்குன'ன்னு கேப்பாங்க. அப்ப என் கடைப் பேரத்தானே சொல்லுவீங்க?"

உள்ளே போய் இன்னொன்று எடுத்து வந்தார். அதன் முந்தானையை என் நெற்றிக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பொட்டையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் முகம் தெளிந்தது. "இப்ப ஒரு நூல் வித்தியாசமில்ல" என்றார். ரோட்டில் போனவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். எனக்கென்ன? பார்க்கட்டும் என்று நின்றேன். அந்த வயசில் நான் பார்க்கிற மாதிரிதான் இருந்தேன்.

இப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு நாள் என் பொட்டையே இல்லாமல் ஆக்கினார். அதைச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன்னால் அவர் கண்ணாடிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் விளங்காது.

கடை லீவு நாளில் அவர் நமுனுகுல மலையடிவாரத்துக்கு, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிடுவார். பழைய கார் ஒன்று. அட்டை கடிக்காமல் இருக்கக் காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக் கொள்வார். கழுத்தில் கேமரா, தோளில் முக்காலி, கையில் ஒரு பிஸ்கட் தகரம். எல்லாரும் போனில் படம் பிடிக்க ஆரம்பித்திருந்த காலம் அது. இவர் மட்டும் கறுப்பு வெள்ளை பிலிம். அதுவும் கொழும்பில் யாரிடமோ சொல்லிவைத்து வாங்குவது. பிலிமைக் கழுவுவது, படம் போடுவது எல்லாம் வீட்டில் ஒரு இருட்டறைக்குள் அவரே செய்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் முதலில் கண்டோம். தகரத்தைத் திறந்து, பிஸ்கட் அளவில் வட்ட வட்டமாகக் கண்ணாடிகளை எடுக்கிறார். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றையும் அதே நிறத்து வெட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார், கடைக்காரர் இல்லையா. ஒன்றை ஒற்றைக் கண்ணில் பிடித்து மலையைப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். அடுத்ததை எடுப்பார்.

எங்களில் ஒருத்தி கத்தினாள். "என்ன நானா, மலைக்கும் சேலை பாக்குறீங்களா?"

"ஆமா புள்ள. மலைக்கு எது எடுக்கும்னு பாக்குறேன்."

அன்றிலிருந்து அது எங்களுக்கு ஒரு விளையாட்டு. மேகம் போவதற்குள் அவர் முடிவு பண்ணுவாரா, மாட்டாரா என்று பேசிக்கொண்டே கொழுந்தெடுப்போம். பெரும்பாலும் மேகம்தான் ஜெயிக்கும். அவருக்கு அவசரமே கிடையாது. "மேகம் போனா இன்னொன்னு வரும். தப்பான நிறத்துல எடுத்த படம் எடுத்ததுதான்" என்பார்.

ஒரு நாள் நான் கூடையோடு போய் நேராகவே கேட்டேன். "கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதுக்கு நானா கலர் கண்ணாடி?"

கேட்டவளைக் கேட்க வைத்துவிட்டார். அரை மணி நேரம்.

"பிலிமுக்கு நிறம் தெரியாது தங்கச்சி. பச்சையும் சிவப்பும் அதுக்கு ஒரே சாம்பல். எதக் கறுக்கணும், எத வெளுக்கணும்னு நாமதான் சொல்லிக் குடுக்கணும். ஒரு கண்ணாடி தன்னோட நிறத்த வெளுக்கும், ஆகாத நிறத்தக் கறுக்கும். இந்தா, பச்சையில பாருங்க."

பார்த்தேன். முற்றின இலை எல்லாம் பின்னால் போய், கொழுந்து மட்டும் பளிச்சென்று மேலே வந்து நின்றது.

"அட, இதக் கண்ணுல கட்டிக்கிட்டு எடுத்தா ஒரு நாளைக்கு ரெண்டு கூடை கூட எடுக்கலாமே!"

"மெதுவா பேசுங்க. துரைக்குக் கேட்டா எல்லாருக்கும் ஒவ்வொண்ணு குடுத்து, எடுக்க வேண்டிய கிலோவக் கூட்டிருவாரு."

சிவப்புக் கண்ணாடி வேற மாதிரி. நீல வானத்தைக் கறுக்கும், வெள்ளை மேகத்தைத் தூக்கும், தூரத்து மூட்டத்தைக் கிழித்து மலையைக் கிட்டே கொண்டுவரும். அவருக்கு அதுதான் செல்லம். ஆனால் தேயிலையைக் கருக்கிவிடும் என்று தொடப் பயப்படுவார். மூட்டமான நாளில் நீலக் கண்ணாடி போட்டால் மூட்டம் இன்னும் கூடும் என்றார். மூட்டத்தைக் கூட்ட ஒரு கண்ணாடியா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு தடவை மழைக்கு லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பிராவில் ஒதுங்கித் தேத்தண்ணி குடித்தார். சுவரில் என் கலியாணப் படம். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரன் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மேலே பிரஷ்ஷால் சாயம் பூசிக் கொடுத்தது. நான் கட்டியிருந்தது நீலம், அவன் பூசியது பச்சை. என் வீட்டுக்காரர் கன்னத்தில் ரோஸ். நானா அதைப் பார்த்துவிட்டு, பல்லில் கல் கடிபட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாயம் போற துணிய விக்கவும் மாட்டேன், சாயம் பூசின படத்தப் பாக்கவும் மாட்டேன். அது படமில்ல தங்கச்சி, பொய்."

"என் கலியாணம் பொய்யா நானா?"

"கலியாணம் உண்மை. அந்தக் கன்னம் பொய்."

என் வீட்டுக்காரர் அன்று முழுக்கக் கன்னத்தைத் தடவிக்கொண்டே திரிந்தார்.

இனி அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன். என் மாமியாருக்கு முழங்கால் நீட்ட மடக்க முடியாமல் போய், கொஞ்சம் சுகமானதும் என் வீட்டுக்காரர் கதிர்காமத்துக்கு நடந்தே போவதாக நேர்த்தி வைத்திருந்தார். அடுத்த வாரம் திங்கட்கிழமை திரும்புவதாகக் கணக்கு. போனை வீட்டில் வைத்துவிட்டார். "முருகன்கிட்ட போற வழியில மனுசன்கிட்ட என்ன பேச்சு?" என்றார். இடையில் யானைக் காடு இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் பூசை வைத்து, அரோகரா சொல்லி அனுப்பினோம். குங்குமச் சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு, எட்டணா அகலத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டு, பூசைத்தட்டோடு நான் திரும்பி ஏறி வருகிறேன். வளைவில் நானா முக்காலியோடு நிற்கிறார். எங்கள் பக்கத்து ஆடிக் காற்று தெரியுமே, வானத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தது. மூன்றே மூன்று மேகம், வெளுத்த துணி மாதிரி.

"தங்கச்சி, அப்படியே நில்லுங்க! மலை எவ்வளவு பெருசுன்னு தெரிய முன்னால ஒரு ஆள் வேணும்."

"நான் என்ன அளவுகோலா?" என்று கேட்டேன். ஆனாலும் நின்றேன். சேலை அப்படி.

அன்றைக்கு அவர் தகரத்தைத் துழாவவே இல்லை. "இன்னிக்கு யோசிக்கவே வேணாம், சிவப்புதான்" என்று ஒரே எடுப்பில் எடுத்துப் பொருத்தினார். எனக்கு ஆச்சரியம். அத்தனை வருசத்தில் யோசிக்காமல் அவர் எடுத்த படம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை சாயந்தரம் கடையை முன்னாடியே பூட்டிவிட்டு எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். ஒரு கையில் வழக்கமான பிஸ்கட் தகரம், மறு கையில் பெரிய காகித உறை. முகமெல்லாம் பல்.

"தங்கச்சி, என் ஆயுசுல இப்படி ஒரு படம் விழுந்ததில்ல. கொழும்புல ஒரு கண்காட்சிக்கு அனுப்பப் போறேன். அதுக்கு முன்னால நீங்க பாக்கணும்."

பாயை விரித்து வைத்தார். பொய் சொல்லக்கூடாது, நல்ல படம். வானம் கரிக்கல் மாதிரி கறுத்து, மேகம் மூன்றும் பொங்கி, நமுனுகுல மலை கையை நீட்டினால் தொடலாம் போல நிற்கிறது. அதற்கு முன்னால் ஒரு பொம்பளை. வெள்ளைச் சேலை. கையில் தட்டு. நெற்றியில் ஒன்றுமில்லை.

மாமியார் குனிந்து பார்த்தார். "யாருடி இது? யார் வீட்டுல எழவு விழுந்துச்சு?"

பக்கத்துக் காம்பிராக்காரிகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மாமியாருக்கு அப்போதுதான் தட்டு அடையாளம் தெரிந்தது, அவர் சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தட்டு.

"முருகா! என் புள்ள நடந்துக்கிட்டு இருக்கானே! போன அன்னிக்கே இவளுக்கு வெள்ளச் சேலை கட்டி, பொட்ட அழிச்சுப் புடிச்சிருக்காங்களே!"

நானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நிறம் செத்துப்போனது முகத்தில்.

நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "இந்தச் சேலை நீங்க வித்தது நானா. இந்தப் பொட்டோட வச்சுப் பொருத்திப் பாத்ததும் நீங்கதான்."

அவசரமாகத் தகரத்தைத் திறந்து, சிவப்பு வெட்டுத்துணியையும் ஒரு வெள்ளைத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, சிவப்புக் கண்ணாடியை மாமியார் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

"பாருங்கம்மா, இதுல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். குத்தம் கண்ணாடியில. தன்னோட நிறத்த வெளுத்திருச்சு. நான் வானத்தப் பாத்தேன், மலையப் பாத்தேன், தங்கச்சியப் பாக்கல."

மாமியார் கண்ணாடி வழியாக என் நெற்றியைப் பார்த்தார். அய்யோ என்று தட்டிவிட்டார். கண்ணாடி பாயில் விழுந்து உருண்டது, நல்ல வேளை உடையவில்லை.

"அந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம் மொதலாளி. காதுல பென்சில் இருக்குல்ல? ஒரு சிவப்புப் பேனா எடுத்து அதுல ஒரு பொட்டு வைங்க."

"அது... அது பொய்யம்மா. நான் படத்துல சாயம் தொடுறதில்ல."

"பொட்டு வச்சா பொய்யி. இருந்த பொட்ட எடுத்தது மட்டும் உண்மையாக்கும்?"

நானா காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதிலேயே சொருகிக்கொண்டார்.

மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மகன் வீட்டுப்படி ஏறுவதற்குள் மருமகள் படத்தில் பொட்டோடு இருக்கவேண்டும், அதுவரைக்கும் சோறு தொடமாட்டேன், தேத்தண்ணிதான். நானா படத்தைச் சுருட்டினார். "இது வெளியில போகாது தங்கச்சி. ஞாயித்துக்கிழமை வர்றேன். அதே எடம், அதே சேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடையில் இருந்த நாட்களை நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். எனக்குப் பயமெல்லாம் இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் கொழுந்தெடுக்கிற கை ஓயும்போதெல்லாம் தானாக நெற்றிக்குப் போனது. வேர்வையில் கரைந்துவிட்டதா என்று சாப்பாட்டுத் தகர மூடியில் பார்த்துக்கொள்வேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி என் பேரைச் சொன்ன தொனிகூட அந்த வாரம் ஒரு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாதி லயம் அந்த வளைவுக்கு வந்துவிட்டது. மாமியாரை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தோம். வயிற்றில் தேத்தண்ணி மட்டும்தான், குரல் மட்டும் குறையவில்லை. வானம் போன வாரத்தைவிடத் தெளிவு. மேகம் அன்றைக்கு மூன்று, இன்றைக்கு ஏழெட்டு, ஒன்றின்மேல் ஒன்று. நானா அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு தகரத்தை மாமியார் மடியிலேயே திறந்து வைத்தார்.

நீலத்தைப் போட்டுக் காட்டினார். பொட்டு மை மாதிரி கறுத்தது, மலையைக் காணோம். மாமியாருக்கு அதுவே பிடித்துவிட்டது. "மலை எதுக்கு? அது எங்கயும் போகாது." நானாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆரஞ்சை எடுத்தார், அதில் மேகம் நன்றாக வரும்.

"இதுலயும் பொட்டு இருக்கும்மா. கொஞ்சம் மங்கலா."

"மங்கலாவா? அவ புருசன் என்ன மங்கலாவா இருக்கான்?"

லயமே சிரித்தது. நானாவும் சிரித்துவிட்டார். ஆரஞ்சை அதன் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தார். சிவப்புக்கு ஆகாத நிறம் பச்சை, பொட்டைக் கறுக்கும். தூரத்து மலை மங்கும், மேகம் அவ்வளவு எடுபடாது. அதெல்லாம் அவரே சொன்னார், யாரிடமோ சொல்கிற மாதிரி. பொருத்தினார். இந்தத் தடவை மலையைப் பார்க்கவில்லை, என் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரே ஒரு படம். அத்தனை மேகம் தலைக்கு மேலே நிற்க, சிவப்புக் கண்ணாடியைத் துணியை விட்டு வெளியிலேயே எடுக்காமல் முக்காலியை மடித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறக்காமல் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். சேலை கறுப்பு. கொழுந்தெல்லாம் பூப்பூத்த மாதிரி வெளுத்து நின்றது. பொட்டு எவ்வளவு கறுப்பென்றால், மூக்கு கண்ணுக்கு முன்னால் அதுதான் தெரிந்தது. மாமியார் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயந்தரம் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். காலெல்லாம் கொப்புளம், நெற்றியெல்லாம் விபூதி, ஒரு குறையுமில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாமியார் படத்தைத் தூக்கிக் கொடுத்தார். மனிதர் ரொம்ப நேரம் பார்த்தார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"நெத்தியில என்ன காக்கா கண்ணு மாதிரி? ஆமா, மலை எங்க?"

மாமியார் ஊன்றுகோலைத் தேடினார்.

அதற்குப் பிறகும் நானா வந்துகொண்டுதான் இருந்தார். ஒரே மாற்றம், படத்துக்குள் பொம்பளை யாராவது வந்தால் ஓடி வந்து கேட்பார்: "தங்கச்சி, பொட்டு என்ன நெறம்?" கலர் கலரான ஸ்டிக்கர் பொட்டு எங்கள் லயத்திலும் பிடித்துக்கொண்ட பிறகு ஒருத்தி பச்சை, ஒருத்தி நீலம், ஒருத்தி இரண்டு நிறம். அவருக்குத் தலை சுற்றிவிடும். கொழும்புக்கு அனுப்புவதாகச் சொன்ன அந்தப் படத்தைப் பற்றி ஒரு தடவை கேட்டேன். "எடுத்து வச்சிருக்கேன். இன்னும் முடிவு பண்ணல" என்றார். மேகத்துக்கே முடிவு பண்ணாத ஆள், நான் விட்டுவிட்டேன்.

போன வருசம் அவர் மௌத்தாகிவிட்டார். நாற்பது நாள் கழிந்த பிறகு அவர் சம்சாரம் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். இருட்டறையைச் சுத்தம் செய்தபோது என் படம் ஒன்று இருந்ததாம்.

அதே படம்தான். கறுத்த வானம், மேகம் மூன்று, கிட்டே வந்து நின்ற மலை, வெள்ளைச் சேலை. ஆனால் நெற்றியில் ஒரு பொட்டு. சிவப்பு. அந்தக் கறுப்பு வெள்ளைக்கு நடுவில் அது ஒன்றுதான் நிறம்.

"இதுக்கு என்ன பாடு பட்டார் தெரியுமா?" என்று அவர் சம்சாரம் ஒரு அட்டையைக் காட்டினார். அட்டை முழுக்கச் சிவப்புப் புள்ளி. ஒன்று செங்கல், ஒன்று தக்காளி, ஒன்று மாதுளை, ஒன்று அரக்கு. நாற்பது, ஐம்பது இருக்கும். "ஒவ்வொண்ணா கலந்து, முத்தத்து வெயிலுக்குக் கொண்டு போய்ப் பாப்பார். ஒதட்டப் பிதுக்கிக்கிட்டு உள்ள வருவார். வருசக்கணக்கா. யாரு படத்துக்குன்னு கேட்டா, கடை வாடிக்கைக்கு ஒரு சேலை திருப்பிக் குடுக்கணும்னு சொல்லுவார்."

படத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். கானைத் தாண்டி வெயிலில் நின்று விரித்தேன். பஸ்காரன் ஹார்ன் அடித்தான், அடிக்கட்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

தக்காளி இல்லை, செங்கல் இல்லை. குங்குமம்தான். ஒரு நூல் வித்தியாசமில்லை.

கொஞ்சம் மேலே வைத்துவிட்டார், அவ்வளவுதான். நான் புருவத்துக்கு நடுவில் வைக்கிறவள். போகட்டும், பொட்டு வைத்துப் பழகாத வீட்டு மனிதர்.